எவ்லின் சொல்லிக்கொடுத்த கதை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கும் எவ்லினின் சொந்தபந்தங்களிடம் அவளைப் பற்றி விசாரித்தால் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். “படிப்பு படிப்புன்னு அலைஞ்சா. கடைசியில கட்டின புருஷனைக் கொண்டுபோய் மாமியா வீட்ல தள்ளிட்டா.” விருந்து வீட்டில் பிரியாணியை மென்றுகொண்டே சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவள் புருஷன் ரொனால்டுக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்ததில்லை. வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள், பேசட்டும். எவ்லின் இன்று கூலாயில் ஒரு மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறாள், வாரக் கடைசியில் பெக்கான் நானாஸில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய் வருகிறாள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவள் படிக்கப் போனதே ரொனால்டைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான். அது இந்தச் சனங்களுக்குத் தெரியாது.

எவ்லின் பத்து பாகாட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தாள். பட்டத்தை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு துணி பேக்டரியின் ஆபீசில் உட்கார்ந்து, யாருக்கு எத்தனை நாள் லீவு, ஐசி என்கிற அடையாள அட்டையைப் பார்த்து யாரை கேட்டுக்குள் விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அந்த பேக்டரிக்கு ஏர்கான் பழுது பார்க்க வந்தவன்தான் ரொனால்ட். பெக்கான் நானாஸ்காரன். அப்பா சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அந்தோணியம்மாள் அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் கை வெந்து போக வேலை செய்து அந்த ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கினாள். இரண்டும் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம் என்பதால் கல்யாணப் பேச்சில் பெரிய சண்டை ஏதும் வரவில்லை. ஸ்கூடாயில் வாடகைக்கு வீடு எடுத்தார்கள். ரொனால்ட் மோட்டார் சைக்கிளில் இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தான். ஜொகூரில் பாதி ஆம்பளைகளின் பிழைப்பு அந்தப் பாலத்தில்தான் ஓடுகிறது.

ஒரு விடிகாலை மழையில் அந்தப் பாலத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு லாரி அவனைத் தட்டிவிட்டது. ஹெல்மெட் இருந்தும் தலையில் பலமான அடி. பல நாள் மயக்கம். பிழைத்தானே, அதுவே பெரிசு என்றார்கள் டாக்டர்கள். கையும் காலும் தப்பித்தன, பேச்சு திரும்பியது, சிரிப்புகூட பழைய சிரிப்பேதான். ஞாபகத்திலிருந்து கடைசிப் பத்து வருஷம் மட்டும் போய்விட்டது. அந்தப் பத்து வருஷத்துக்குள்தான் எவ்லின் இருந்தாள்.

கண் தெளிந்த அன்று கட்டிலைச் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அம்மாவைப் பார்த்ததும், “ஏம்மா அழறீங்க? நான் நல்லாதானே இருக்கேன்” என்றான். எவ்லின் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, “ரொம்ப நன்றி மிஸ்ஸி” என்றான். நம் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவன் கத்தியிருந்தால்கூட, தள்ளிவிட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். காலையில் சொன்னது மதியத்துக்குள் அவனுக்கு மறந்துவிடும். கல்யாண ஆல்பத்தைக் காட்டினால் ஆர்வமாகப் பார்ப்பான். “நல்லா இருக்கு மிஸ்ஸி. இது நான்தானே? எப்ப எடுத்தாங்க?” என்று கேட்பான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பான். சோறு போட்டால் நன்றி சொல்வான், சட்டையை மடித்து வைத்தால் நன்றி சொல்வான். ராத்திரி அவள் அந்த அறைக்குள் வந்தால் எழுந்து உட்கார்ந்து, ஏதாவது வேண்டுமா என்று கூச்சத்தோடு கேட்பான். எவ்லின் ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தாள்.

அப்படிப் படுத்திருந்தபோதுதான் அலமாரியில் கிடந்த பட்டம் ஞாபகத்துக்கு வந்தது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மறுவாழ்வு உளவியலில் முதுகலை வகுப்பு சனி ஞாயிறுகளில் நடந்தது. அடிபட்டவர்களும் கைகால் இழந்தவர்களும் மூளையில் காயம் பட்டவர்களும் மிச்சமிருக்கும் வாழ்க்கையை எப்படி வாழ்வது என்பதைப் பற்றிய படிப்பு. நேர்காணலில் அவளைக் கேள்வி கேட்டவர் டாக்டர் பிரவீனா. எதையும் பூசி மெழுகாமல் பேசுகிற பெண்மணி.

“இந்தப் படிப்பு எதுக்கு?” என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரருக்கு என்னைத் தெரியல மேடம். தெரிய வைக்கணும்.”

பிரவீனா விண்ணப்பத்தை மூடி வைத்தார். “அதுக்காகன்னா சேராதீங்க எவ்லின். மத்தவங்களுக்கு உதவணும்னு தோணுனா சேருங்க. உங்க வீட்டுக்காரருக்கு வேற ஒருத்தர் வைத்தியம் பாக்கட்டும். நீங்க மனைவியா இருங்க.”

“சரி மேடம்” என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தாள். தலையை ஆட்டினாளே ஒழிய அதில் ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் படித்தாள். வகுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் சம்பள உயர்வுக்காக வந்தவர்கள். எவ்லின் தாகத்தோடு வந்தவள். புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ரொனால்ட் இருந்தான். அவன் ஏன் காலையில் நன்றாகவும் சாயங்காலம் குழப்பமாகவும் இருக்கிறான், பழையது ஏன் நிற்கிறது, புதியது ஏன் வழிந்துபோகிறது என்று எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது, காரணம் இருந்தது. காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடும் என்று அவள் நம்பினாள். பாவம்.

இரண்டாவது பருவத்தில் ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞாபகம் தங்காத ஆளுக்கு ஒரே ஒரு காரியத்தைப் பதிய வைக்கிற முறை. கேள்வியைக் கேட்டு, அவர் யோசித்துத் தடுமாறுவதற்குள் பதிலை நாமே சொல்லிவிட வேண்டும். தப்பாகச் சொல்லவே விடக் கூடாது. பிறகு சிறிது இடைவெளி விட்டு மறுபடியும் கேட்க வேண்டும். சரியாக வந்தால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பொறுமைதான் அதில் முக்கியம், வேறு வித்தை எதுவும் இல்லை. எவ்லின் அதை வீட்டில் செய்து பார்த்தாள். சமையல் முடிந்ததும் என்ன செய்யணும்? கேஸை மூடணும். வெளியே போகும்போது சாவி எங்கே இருக்கும்? கழுத்துக் கயிற்றில் இருக்கும். ஒரு மாதத்தில் ரொனால்ட் அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக கேஸையும் மூடினான். எவ்லின் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

பிரவீனா வகுப்பில் எச்சரித்திருந்தார். “கேஸ், சாவி, மருந்து, இதுக்குத்தான் இந்த முறை. கத்துக்கிறது ஒரு பழக்கம், அவ்வளவுதான். ஞாபகம் திரும்பி வந்துருச்சுன்னு குடும்பத்துல உள்ளவங்க நினைச்சுக்குவாங்க. வரல. அத அவங்களுக்குப் பதமா புரிய வைக்கிறதும் உங்க வேலைதான்.” எவ்லின் அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். குடும்பத்தில் உள்ளவர்கள் என்று அவர் சொன்னது தன்னையும் சேர்த்துத்தான் என்று அவளுக்கு உறைக்கவில்லை.

வகுப்பு நாள்களில் ரொனால்டைப் பார்த்துக்கொள்ள அந்தோணியம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பெக்கான் நானாஸிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவாள். அம்மா வந்துவிட்டால் அவன் வேறு ஆளாகிவிடுவான். கிண்டல் பண்ணுவான், சமையலில் உப்பு கூட என்று குறை சொல்வான், மடியில் தலை வைத்துத் தூங்குவான். ஞாயிறு சாயங்காலம் அவள் கிளம்பும்போதுதான் பிரச்சினை. ரொனால்ட் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு, காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பான். “நானும் வரேன்மா.” அந்தோணியம்மாள் அடுத்த வாரம் என்பாள். அவன் எவ்லினைத் திரும்பிப் பார்த்து அனுமதி கேட்கிற மாதிரி நிற்பான். எவ்லின் பையை வாங்கிச் சட்டைகளைத் திரும்ப அடுக்கி வைப்பாள். ஒவ்வொரு ஞாயிறும் இது நடந்தது.

ஒருநாள் அந்தோணியம்மாள் பேச்சை எடுத்தாள். ரொனால்ட் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்க பாரும்மா. உன்னைக் குறை சொல்லல. நீ பாக்கிற மாதிரி வேற யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா அவன் இங்க விருந்தாளி மாதிரி இருக்கான். என் வீட்ல பிள்ளையா இருப்பான். என்கூட அனுப்பிடேன்.”

“நான் அவருக்குப் பொண்டாட்டி அத்தை. என்கூடதான் இருக்கணும்.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியலயேம்மா.”

எவ்லினுக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்றவள் மேல் அவளுக்குப் பொறாமை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தான் பெருக்கித் துடைத்த வீட்டில், தான் சமைத்த சோற்றைத் தின்றுவிட்டு அவன் இன்னொருத்தியின் மடியில் தூங்குகிறானே என்று வயிறெரிந்த நாள்கள் உண்டு. அந்த இன்னொருத்தி அவன் அம்மாதான் என்பது அந்த நேரத்தில் ஆறுதலாக இருக்கவில்லை.

“தெரிய வைப்பேன்” என்றாள். “வர்ற மாசம் எங்க கல்யாண நாள். கோயில்ல முன்னால நிப்போம்ல, அங்க அவர் வாயால சொல்லட்டும், நான் யாருன்னு. சொல்லலன்னா நீங்க கூட்டிட்டுப் போங்க.”

அவர்கள் போகிற கோயிலில் ஒரு வழக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், அந்த மாதம் கல்யாண நாள் கொண்டாடுகிற தம்பதிகளைப் பீடத்துக்கு முன்னால் கூப்பிட்டு ஆசீர்வதிப்பார்கள். பங்குச் சாமியார் குசும்புக்காரர். மைக்கை நேராகக் கணவன்மாரிடம் நீட்டி, இந்தம்மாவை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்பார். ஆம்பளைகள் தலையைச் சொறிவார்கள், தேதியைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள், சனம் சிரிக்கும். அங்கே ரொனால்ட் சொல்லிவிட்டால் ஊரே சாட்சி.

அந்தோணியம்மாள் மருமகளை இரக்கத்தோடு பார்த்தாள். “சரி. அவன் சொல்லிட்டா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். பெத்தவ வாக்கு.”

அன்றைக்கே எவ்லின் பயிற்சியை ஆரம்பித்தாள்.

“நான் யாரு? நீ எவ்லின், என் மனைவி. சொல்லுங்க.”

ரொனால்டுக்குக் கூச்சம். “மிஸ்ஸிய எப்படி நீன்னு சொல்றது?”

“பரவால்ல, சொல்லுங்க. என்னை எங்க பார்த்தீங்க? பத்து பாகாட் பேக்டரியில.”

சொன்னான். இடைவெளி விட்டுக் கேட்டாள், மறுபடியும் சொன்னான். கதையை அவன் தூக்கக்கூடிய அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கொடுத்தாள். ஏர்கான் பழுது பாக்க வந்தேன். ஐசி கொண்டு வரல. நீ உள்ள விடல. காவலாளி கூண்டுல உக்காந்து அன்னாசி வெட்டித் தின்னேன். உனக்கு ஒரு துண்டு குடுத்தேன். வேணாம்னு சொன்ன. அப்புறம் வாங்கிக்கிட்ட. உண்மையில் அன்று அவன் சொன்னது இன்னும் நிறைய. “உங்க ரூல்ஸ்ல அன்னாசி சாப்பிடக் கூடாதுன்னு இருக்கா மிஸ்? காட்டுங்க, படிச்சுப் பாத்துட்டுப் போறேன்” என்று கேட்டிருந்தான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் எவ்லின் அவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அது நீளம், அவனுக்கு நிற்கவில்லை. விட்டுவிட்டாள்.

வாரங்கள் போகப் போகக் கதை பதிந்தது. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னான். சொல்லி முடித்த கையோடு, “மிஸ்ஸி, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்றும் கேட்டான். முதல் தடவை தடுமாறாமல் முழுசாகச் சொன்ன அன்று எவ்லின் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவன் இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். வேறொருவன் மனைவி தவறிப்போய்த் தன்மேல் சாய்ந்துவிட்டால் ஒரு நல்ல ஆம்பளை எப்படி நிற்பானோ அப்படி நின்றான். எவ்லின் அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, சோர்வாக இருக்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

வகுப்பில் ஒருநாள் வாய் தவறி இந்தக் கதைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பிரவீனா எல்லாரையும் அனுப்பிவிட்டு அவளை மட்டும் உட்கார வைத்தார்.

“எவ்லின், அவர் ஒப்பிக்கிறாரு. அந்தக் கதையில நீங்க இல்ல.”

“கொஞ்ச நாள் போனா உள்ள போயிடும் மேடம். கேஸை மூடக் கத்துக்கிட்டாரு, இதையும் கத்துக்குவாரு.”

“கேஸை மூடுறதும் பொண்டாட்டிய நினைக்கிறதும் ஒண்ணா? சரி, அத விடுங்க. அவருக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

அந்தப் படிப்பில் சேருகிற எல்லாருக்கும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. எதைச் சரிசெய்வது என்று நீ முடிவு பண்ணாதே, எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேள். எவ்லின் பரீட்சையில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். வெளியாட்கள் எத்தனையோ பேரிடம் பயிற்சிக்குப் போன இடத்தில் அந்தக் கேள்வியை அழகாகக் கேட்டிருக்கிறாள். ரொனால்டிடம் கேட்டதில்லை. கேட்டால் வரப்போகிற பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் பிரவீனா மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்த ஞாயிறும் வந்தது. எவ்லின் ரொனால்டுக்கு பூ அச்சிட்ட நீலப் பாத்தேக் சட்டை போட்டுவிட்டாள், கல்யாணத்துக்கு முன்னால் அவள் வாங்கிக் கொடுத்தது. கோயிலில் நல்ல கூட்டம். பூசை முடிந்து தம்பதிகள் முன்னால் போய் நின்றார்கள். சாமியார் ஒவ்வொருவராகச் சீண்டிக்கொண்டே வந்தார். ரொனால்டுக்கு முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கினார். அவன் நிலைமை அவருக்குத் தெரியும். கடந்து போய்விடலாம் என்று நினைத்திருப்பார். எவ்லின் தலையை அசைத்தாள். அவர் மைக்கை நீட்டினார்.

“ரொனால்ட், பக்கத்துல நிக்கிறது யாரு?”

ரொனால்ட் மைக்கைப் பிடித்தான். “எவ்லின். என் மனைவி.”

சாமியாரே எதிர்பார்க்கவில்லை. “எங்க பார்த்தீங்க?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ரொனால்ட் நிமிர்ந்து நின்று, பேக்டரியையும் ஐசியையும் காவலாளி கூண்டையும் அன்னாசியையும் வரிசையாகச் சொன்னான். ஒரு துண்டுகூட விடவில்லை. அப்புறம் வாங்கிக்கிட்ட என்று முடித்தபோது முன்வரிசையில் இருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பின்னால் யாரோ கைதட்ட, கோயில் முழுக்கத் தட்டியது. பலரும் வந்து எவ்லினின் கையைப் பிடித்து, உன் வேண்டுதல் வீண்போகவில்லை என்றார்கள். அவளும் சிரித்தாள். அந்த ஒரு மணி நேரம் அவளும் அதை நம்பினாள், அதற்காக அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

கோயில் ஹாலில் மீகூன் நூடுல்ஸ் சாப்பிடும்போது அந்தோணியம்மாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. “ஜெயிச்சிட்டம்மா. அவன் உன் புருஷன்தான். இனிமே நான் கேக்க மாட்டேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது, பிள்ளையைக் கொடுத்துவிட்ட வலியும் இருந்தது.

அந்தோணியம்மாளைப் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. எவ்லின் காரை ஓட்டினாள், ரொனால்ட் முன்னால், அம்மா பின்னால். அவன் ரொம்ப உற்சாகமாக இருந்தான். சிவப்பு விளக்கில் கார் நின்றதும் எவ்லின் பக்கம் திரும்பினான்.

“எல்லாம் சரியா சொல்லிட்டேன்ல மிஸ்ஸி?”

“சொன்னீங்க. ரொம்ப நல்லா சொன்னீங்க.”

“அப்ப இனிமே டெஸ்ட் இல்லதானே? என்னை வீட்டுக்கு விட்டுருவீங்களா?”

எவ்லினுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் டாக்டர்கள் அவன் கட்டிலுக்கு வந்து கேள்வி கேட்டார்கள். இது எந்த இடம், என்ன வருஷம், என்ன மாதம். தலையில் அடிபட்டவர்களிடம் அப்படித்தான் கேட்பார்கள். தொடர்ந்து சரியாகச் சொல்லும்வரை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். மற்றதெல்லாம் வழிந்துபோன அந்த மூளையில் அந்த ஒன்று மட்டும் தங்கிவிட்டது, கேட்கிற கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால் வீட்டுக்கு விடுவார்கள் என்று. அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி முடியவே இல்லை. ஸ்கூடாய் வீடு இன்னொரு வார்டு, எவ்லின் அந்த வார்டின் மிஸ்ஸி. இத்தனை வாரமாக அவள் அன்பைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் விடுதலைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

விளக்கு பச்சையானது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. எவ்லின் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“டேய், சும்மா இருடா” என்றாள் அந்தோணியம்மாள் பின்னாலிருந்து. “எவ்லின், அவன் தெரியாம உளறுறான். நீ கண்டுக்காத. என்னை எறக்கிவிட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் உங்க வீட்டுக்குப் போங்க. நான் வாக்கு குடுத்தது குடுத்ததுதான்.”

எவ்லின் ஹேண்ட் பிரேக்கைப் போட்டாள். ரொனால்டைப் பார்த்தாள். படித்தவள் கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டாள்.

“ரொனால்ட், உங்களுக்கு என்ன வேணும்?”

“வீட்டுக்குப் போகணும் மிஸ்ஸி. அம்மாகூட.” அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கு என்னவோ போல ஆகிவிட்டது. “நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க. உங்க மேல ஒரு குறையும் இல்ல. எவ்வளவு நல்ல மிஸ்ஸியா இருந்தாலும் வீடு மாதிரி வராதுல்ல, அதான்.”

எவ்லின் சிக்னல் போட்டுக் காரைத் திருப்பினாள். பஸ் நிலையத்துக்குப் போகவில்லை, ஸ்கூடாய் வீட்டுக்கும் போகவில்லை. பெக்கான் நானாஸுக்குப் போகிற பொந்தியான் ரோட்டைப் பிடித்தாள். எங்கே போகிறோம் என்று கண்டுகொண்டதும் அந்தோணியம்மாள், “வேணாம்மா, வேணாம்மா” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எவ்லின் கேட்கவே இல்லை. அவளும் அழுதுகொண்டேதான் ஓட்டினாள். ரொனால்ட் டிஷ்யூ பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். கூனோங் பூலாய் தெரிந்ததும், “அம்மா, மலை வந்துருச்சு” என்றான். அன்னாசிக் கடைகள் வரிசையாக வந்தபோது எது யாருடைய கடை என்று பேர் சொல்லிக்கொண்டே வந்தான். அவனை அவ்வளவு தெளிவாக அவள் பார்த்து நாளாகிவிட்டது. அவனுடைய மருந்து எந்த நேரத்துக்கு எது, சாயங்காலம் குழம்பினால் எப்படிப் பேசணும் என்று மாமியாருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்பதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டாள். அந்தப் படிப்பு அப்போதுதான் அவனுக்கு உதவ ஆரம்பித்தது.

பெக்கான் நானாஸ் வீட்டுக்கு முன்னால் கார் நின்றதும் ரொனால்ட் இறங்கி, யாரையும் கேட்காமல் கேட்டுக்குள் கையை விட்டு உள்தாழ்ப்பாளைத் திறந்தான். எவ்லின் கார் பக்கத்திலேயே நின்றாள். அவன் திரும்பி வந்து கூப்பிட்டான்.

“ஏன் மிஸ்ஸி நின்னுட்டீங்க? உள்ள வாங்க. இவ்வளவு தூரம் கொண்டு வந்து விட்டீங்க, டீ குடிக்காம போகக் கூடாது.”

நல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு, துணியால் துடைத்து, அவளை உட்கார வைத்தான். “அம்மா, மிஸ்ஸிக்கு டீ போடுங்க. சீனி கம்மியா போடவான்னு கேளுங்க” என்று உள்ளே பார்த்துச் சொன்னான். அந்தோணியம்மாள் அடுப்படியில் அழுகிற சத்தம் கேட்டது. அவன் எதிரில் உட்கார்ந்து, வந்தவரிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று யோசித்தான்.

“மிஸ்ஸிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“ஆயிருச்சு.”

“வீட்டுக்காரர் நல்லவரா?”

“ரொம்ப நல்லவரு.”

“அப்ப டீ குடிச்சிட்டுச் சீக்கிரம் கிளம்புங்க மிஸ்ஸி” என்றான் ரொனால்ட். “உங்களைக் காணோமேன்னு அவர் பாத்துக்கிட்டு இருப்பாரு.”